உன் இடது தோளுக்குப் பின்னால்

இன்று காலை லைன்மேன்கள் கரண்டை நிறுத்திவிட்டு எங்கள் தெரு வேப்பமரத்தின் கிளைகளைக் கழித்தார்கள். ஏணி மேல் நின்றவர் கையில் ஒரு மிஷின் வாள். புத்தம் புதுசு, ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் போல் இருந்தது. காது இரண்டிலும் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் மூடி மாட்டியிருந்தார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற அந்த நீலப் புகை முகத்துக்கு வந்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "என்ன மாமா, புகை ஒத்துக்கிடலையா?" என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் வேறு என்னத்தைச் சொல்ல?

கதவைச் சாத்தினாலும் சத்தம் விடவில்லை. வாளின் குரல் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. கார்பரேட்டர் ஸ்க்ரூவைக் கால் திருகு திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றிய அதே நேரத்தில் என் வலது கைவிரல்கள் காற்றில் திரும்பின. சீ, என்ன கை இது என்று எனக்கே வெறுத்துப் போயிற்று.

உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அது தெரியாத அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. ஆனால் கடைசி இரண்டு வருடமும் உன்னிடம் எதைச் சொல்வதானாலும் நான் கத்த வேண்டியிருந்தது. கத்திச் சொல்ல முடியாததெல்லாம் மனசுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரோட்டில் நீயும் நானும் கூட்டாக வைத்திருந்த கடையில் பம்ப்செட்டும் மொபெட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கடையநல்லூர் மர வியாபாரி காதர் பாய் ஒரு வேனில் வந்து இரண்டு சாக்கு மூட்டைகளை இறக்கினார். பிரித்தால் இரண்டு மிஷின் வாள். மலை எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் வாங்கியவை. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம். துருவும் மரத்தூளும் சேர்ந்து களிம்பாகப் பிடித்திருந்தது.

"எஸ்டேட்ல பழைய இரும்புன்னு போட்டுட்டான். ஓடுமா ஓடாதான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் பாய்.

"ஓடாதுன்னு சொல்லுத மெக்கானிக்கு எங்கனயாவது உண்டுமா பாய்? வச்சிட்டுப் போங்க" என்றாய் நீ. அவர் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அதுவரை நாம் இருவரும் அப்படி ஒரு மிஷினைக் கையால் தொட்டது கிடையாது.

ஒன்றில் சிலிண்டர் நன்றாக இருந்தது, கிராங்க் போயிருந்தது. இன்னொன்றில் கிராங்க் நன்றாக இருந்தது, பிஸ்டன் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினோம். ஸ்கூட்டர் ரிங்கை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிஸ்டனுக்குப் பொருத்தினாய். சிலிண்டர் அடியில் தடித்த பேக்கிங் இருந்த இடத்தில் காலண்டர் அட்டையை வெட்டிப் போட்டாய். சிலிண்டர் அந்த அளவுக்குக் கீழே இறங்கி அழுத்தம் கூடியது. அத்தோடு விட்டாயா? புகை வெளியேறும் துவாரத்தை இரண்டு தீக்குச்சி கனத்துக்கு மேல்பக்கமாக அராவிப் பெரிதாக்கினாய். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றி ஆணிப் பெட்டிக்குள் எறிந்தாய். சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகட்டையும் வெட்டி எடுத்துவிட்டாய். "இது மூச்சு விடணும்லே. மூக்கப் பொத்திக்கிட்டு எவனாச்சும் ஓடுவானா?" என்றாய். நல்ல ஆயில் கிடைக்காத காலம் என்பதால் பெட்ரோலில் விளக்கெண்ணெய் கலந்தோம். அந்த வாசம் நம் சட்டையில் ஏறி, எத்தனை துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போவான்.

முதல் தடவை கயிற்றை இழுத்து முழு வேகம் கொடுத்தபோது பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எதிர் சைக்கிள் கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "ஏலே, ஊரக் காலி பண்ணப் போறியளாலே?" என்று அவர் கத்தியதற்கு நீ இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினாய். அந்தச் சிரிப்பை நான் மறந்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

கார்பரேட்டர் விஷயத்தில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. மீட்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது, காதுதான். வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது குரல் லேசாகப் பிசிற வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தப் பிசிறு மறைந்து சுத்தமாக வேண்டும். பிசிறே இல்லாமல் கூர்மையாகக் கத்தினால் எண்ணெய் போதவில்லை, பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். "கண்ணு பொய் சொல்லும். சத்தம் பொய் சொல்லாதுலே" என்பாய். நான் காதில் பஞ்சை எண்ணெயில் நனைத்து அடைத்துக்கொள்வேன். உனக்கும் உருட்டிக் கொடுத்தேன். "பஞ்ச வச்சா மிஷின் பேசுதது எப்படிக் கேக்கும்? நீயே வச்சிக்கோ, மாப்பிள்ள காதுல செண்டுப் பஞ்சு வச்ச மாதிரி" என்று தூர எறிந்தாய்.

கடையிலும் மரவெட்டிலுமாக நாலைந்து வருடம். சுற்றுப்பட்டில் யாருடைய மிஷின் வாளானாலும் நம்மிடம்தான் வரும். சிவகிரி, ராயகிரிப் பக்கமிருந்தெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றின் குரலையும் நீ அவிழ்த்துவிட்டாய். ஒவ்வொன்றும் உன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

எனக்கு முதலில் தெரிந்தது டீக்கடையில். சர்க்கரை எத்தனை என்று மாஸ்டர் உனக்குப் பின்னாலிருந்து மூன்று தடவை கேட்டும் நீ பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். திமிர் என்று அவர் நினைத்தார். உனக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நீ டியூன் செய்து வைத்த வாள் ஒன்று எனக்குக் கூர்மையாகக் கேட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ திருப்தியாகத் தலையாட்டினாய். மெல்லிய சத்தங்களும் கூரிய சத்தங்களும்தான் உன்னைவிட்டு முதலில் போயிருக்கின்றன. உனக்கு அது பிசிறுவதாகவே பட்டிருக்கிறது, அதனால் ஸ்க்ரூவை மேலும் மேலும் இறுக்கியிருக்கிறாய். நீ சாப்பிடப் போன நேரம் பார்த்து நான் அதைக் கால் திருகு திறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. நீ இறுக்குவாய், நீ அந்தப் பக்கம் போனதும் நான் திறப்பேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்ல? காதை நம்பிப் பிழைக்கிறவனிடம் உன் காது போயிற்று என்று எந்த வாயால் சொல்ல? பிரியம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரியமாவது மண்ணாவது. எனக்குத் துணிச்சல் இல்லை.

மரம் வெட்டப் போகிற இடத்திலும் இப்படித்தான். மிஷின் பழசு, வழியில் மக்கர் செய்யும் என்று காதர் பாய் நம் இருவரையும் கையோடு கூட்டிப்போவார். கோடாலிக் காலத்திலிருந்தே அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மரம் முக்கால் பங்கு அறுபட்டதும் வெட்டு நிற்க வேண்டும். மரத்தில் கட்டிய வடத்தைப் பிடித்து இழுக்கிறவர்கள் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மரம் பேசும். உள்ளே நார் அறுகிற அந்த முனகல் கேட்டதும் வெட்டுகிறவன் மட்டும்தான் குரல் கொடுத்துவிட்டு ஓடுவான். கேட்காவிட்டால் மறுபடி கொஞ்சம் அறுப்பான். நாலு பேர் நாலு திசையில் கத்தினால் அவன் குழம்பி மரத்துக்கு நேராகவே ஓடிவிடுவான் என்று அந்தக் கட்டுப்பாடு. மிஷின் வந்த பிறகும் அது மாறவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு நீ மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய். உன் இடது தோளுக்குப் பின்னால் நான் நிற்பேன். மரம் பேசியதும் உன் தோளில் ஒரு தட்டு தட்டுவேன். நீ "வருது" என்று குரல் கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாய்.

"பயந்தாங்கொள்ளிப் பய. மரம் விழுததுக்கு முன்னால நீ என் மேல விழுந்துருவ போலிருக்கே" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்வாய். நானும் இளித்துக்கொண்டு நிற்பேன். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன், உன் விஷயம் வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அது தெரிந்தால் மறுநாளே மிஷினை உன் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். வாங்கியிருக்கட்டுமே. இன்றைக்கு நீயும் எங்கோ ஒரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய்.

கடைசியில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். ஸ்க்ரூ தலையின் காடியில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி வைத்துவிட்டு நீ சாப்பிடப் போயிருக்கிறாய். நான் அதைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தாய். கிரீஸ் கலைந்திருந்தது.

"எவம்லே இதுல கை வச்சது?"

"நாந்தான்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

உனக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்று கிட்டே வந்தாய். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் தெருவே திரும்புகிற மாதிரி, "ரெண்டு வருசமா!" என்று கத்தினேன். சைக்கிள் கடைக்காரர் கையில் பம்போடு நிமிர்ந்து பார்த்தார். உன் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று.

"அப்பம் ரெண்டு வருசமா நான் கேனப்பயலாத் திரிஞ்சிருக்கேன். நீ பின்னாலேயே வந்து தொடச்சிக்கிட்டு இருந்திருக்க" என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டி நிறுத்தினாய். "இனிமே என் பின்னால நிக்காதலே. வெட்டுக்கும் வராத." நான் மட்டும் சும்மா இருந்தேனா? எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் உன் மானத்தைக் காத்ததற்கு இதுதானா மரியாதை என்று. "போ, நீயே போய்க் கிழி" என்றேன். அதையும் உரக்கத்தான் சொன்னேன்.

மூன்று நாள் கழித்துக் கரிவலம்வந்தநல்லூர்க் குளத்துக் கரையில் மருத மரம் ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. உள்ளே பொக்கு, சாய்மானம் வேறு. நீ தனியாகப் போனாய். அங்கே யாரிடமாவது, காதர் பாயிடமாவது, "அவனுக்குக் காது கேக்காது, பக்கத்துல ஒரு ஆள் நில்லுங்க" என்று நான் சொல்லி அனுப்பியிருக்கலாம். முந்தின நாள் பாய் கடைப் பக்கம் வந்தார்கூட. "நீங்க வரலையா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

நடந்ததை வடம் பிடித்தவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தேம்பிக்கொண்டே சொன்னார். "மிஷின அணைச்சாரு அண்ணாச்சி. மரத்தப் பாத்துக்கிட்டே நின்னாரு. மரம் முனங்குச்சு. எங்க நாலு பேருக்கும் கேட்டுச்சு. அம்புட்டு கிட்டத்துல நிக்காரு, அவருக்குக் கேக்காமலா இருக்கும்னு வாயப் பொத்திக்கிட்டு நின்னோம். முறை அப்படிலா. மறுபடி மிஷின எடுக்கக் குனிஞ்சாரு. மரம் பொளந்து பின்னால அடிச்சிட்டு." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அண்ணாச்சி ஓடாம நின்னாரு? ஏன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அங்கேயும் பொய்தான் சொன்னேன்.

பழைய மிஷின் காவு வாங்கிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். கவனக்குறைவு என்றும் பேசினார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன். உயிரோடு இருந்தபோது உன் மானத்தைக் காத்தேன், செத்த பிறகு என் மானத்தைக் காத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கடைக்கு வந்த மிஷின் வாள் எதையும் நான் உள்ளே விட்டதில்லை. பம்ப்செட்டோடு சரி. எண்பது வயதை எட்டப்போகிறேன், இன்னும் மேசையில் ஊசி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். பஞ்சு வைத்த புண்ணியம். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, பாவம், அந்த டாக்டர் பயந்துபோனார்.

உன் கருமாதி முடிந்து மறுநாள், உன் வீட்டுக்காரியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் முற்றத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். "தாயி, அவனுக்குக் காது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே" என்றாள்.

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"புள்ள தொட்டில்ல கெடந்து வீல்னு அழும். அவிய பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பாவ. பொண்டாட்டிக்குத் தெரியாம போவுமா? கோயில் புத்துமண்ணக் கொழச்சு தெனமும் காதுக்குப் பின்னால தடவி விடுவேன். கேட்டா, சொறிக்குன்னு சொல்லுவேன். அவியளும் சொறிக்குன்னே நம்புன மாதிரி காட்டிக்கிட்டாவ."

"பின்ன ஏன் தாயி வெட்டுக்குப் போக விட்ட?" என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அவள் கோபப்படவில்லை. "நீங்க இருந்தியள்லா. மரம் பேசுனா அவன் தோளத் தட்டுவான்னு அவியளே சொல்லுவாவ. அந்தத் தட்டு இருக்கமட்டும் எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சிரிப்பாவ. அன்னைக்குக் காலையிலயும் கையக் காட்டிக் கேட்டேன், அண்ணன் வாராவளான்னு. வாரான்னு சொல்லிட்டுத்தான் மிஷினத் தூக்குனாவ."

அப்படியானால் உனக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொண்டே நான் எதற்காகத் தட்டுகிறேன் என்று தெரிந்து வைத்திருந்திருக்கிறாய். ஸ்க்ரூவைத் தொட்டதுதான் உனக்குத் தாங்கவில்லை. அவள் என்னை ஒரு சொல் ஏசியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வாரான் என்று நீ சொன்னது அவளைச் சமாதானப்படுத்தச் சொன்ன பொய் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். முடியவில்லை. அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அதை நான் அவளிடமும் சொல்லவில்லை, ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை ராஜபாளையம் பஸ் நம் கடை வாசலில் நின்றது. அங்கே ஸ்டாப் கிடையாது. நீ சொல்லித்தான் டிரைவர் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிமிர்ந்து பார்த்தேன். நீ உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்தில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதில் யாரும் உட்கார்ந்துவிடாமல் உன் துண்டை விரித்துப் போட்டிருந்தாய். இரண்டு பேர் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை, நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கி வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டுமே என்று நான் இருந்தேன். கையிலிருந்த பிளக்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். கண்டக்டர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், விசில் அடித்தார். பஸ் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நான் குனிந்து அந்தப் பிளக்கையே துடைத்துக்கொண்டிருந்தேன்.